சுருட்டுப்புழுவும் ஜாவாக் குளவியும்

கொழுந்து எடுக்கும்போது ரெண்டு மூணு இலை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. மெதுவாப் பிரிச்சா உள்ள பச்சை நிறப் புழு. தலை மட்டும் கறுப்பா இருக்கும். தொட்டதும் துள்ளிப் பின்னால போய், நூல் விட்டுத் தொங்கும். இதுதான் சுருட்டுப்புழு. இது பெருகின மலையில கொழுந்து கிடைக்காது. கிலோ குறைஞ்சா அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். அதனால இது துரைமாருக்கு மட்டும் உள்ள கவலை இல்ல.

ஒரு காலத்துல இலங்கைத் தேயிலையை ரொம்பவே ஆட்டிப் படைச்ச புழு இது. 1935, 36ல தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஜாவாவுல இருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டு வந்தது. மேக்ரோசென்ட்ரஸ் ஹோமோனேன்னு பேரு. குளவின்னதும் பயந்துடாதீங்க. மலையில ஆளுங்களைத் துரத்தித் துரத்திக் கொட்டுற குளவிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒல்லியான உடம்பு, பின்பக்கம் ஊசி மாதிரி நீளமான முட்டைக்குழல். இளம் சுருட்டுப்புழுவைத் தேடிப் பிடிச்சு, அதோட உடம்புக்குள்ளேயே முட்டை வைக்கும். குளவிக்குஞ்சு உள்ளேயே தின்னு வளரும். புழு செத்துப்போகும், குளவி வெளிய வரும்.

நிலையத்துல இருந்த சி. எச். கேட் இதைப் பத்தி நிறைய ஆராய்ஞ்சு எழுதியிருக்கார். சில வருசத்துலேயே குளவி நம்ம மலைகள்ல நிலைச்சிருச்சு, சுருட்டுப்புழு அடங்கிருச்சு. அதுக்கப்புறம் யாரும் குளவிக்குச் சம்பளம் கொடுக்கல, மருந்து வாங்கல. அது பாட்டுக்கு வேலை செஞ்சுச்சு. உலகத்துல இயற்கை எதிரியை வச்சுப் பூச்சியை அடக்கின நல்ல உதாரணங்கள்ல இதுவும் ஒண்ணு. நம்ம மலையகத்துப் பிள்ளைங்க இதைப் பள்ளிக்கூடத்துலேயே படிக்கணும்னு நான் நினைக்கிறேன்.

அப்புறம் வந்தது டீல்ட்ரின்ங்கிற பூச்சி மருந்து. தேயிலைக் கிளைக்குள்ள ஓட்டை போட்டு, அங்க பூஞ்சணம் வளர்த்துத் தின்கிற வண்டு ஒண்ணு இருக்கு. அது துளைச்ச கிளை லேசாப் பட்டாலே முறிஞ்சிடும். சும்மா விடக்கூடிய பூச்சி இல்லதான். அதைக் கொல்ல அந்த மருந்தை அடிச்சாங்க. வெளிய பறந்து திரியிற குளவி மருந்துல மாட்டிக்கிச்சு. இலைக்கூட்டுக்குள்ள ஒளிஞ்ச புழு தப்பிச்சுக்கிச்சு. குளவி போனதும் அடங்கிக் கிடந்த சுருட்டுப்புழு திரும்பவும் தலைதூக்கிருச்சு. ஒரு பூச்சிக்கு அடிச்ச மருந்து இன்னொரு பூச்சிக்கு வழிவிட்ட கதை இது. தேயிலை ஆராய்ச்சியாளர்களே இதைப் பதிவு செஞ்சிருக்காங்க.

அதனால மருந்து அடிக்கிறதுக்கு முன்னால, ஒட்டின இலை சிலதைப் பிரிச்சுப் பாருங்க. புழு இல்லாம நூலால நெய்த சின்னக் கூடு இருந்தா, அங்க இந்தக் குளவி வேலை செஞ்சுக்கிட்டு இருக்கலாம். கங்காணிக்கோ வெளிக்கள அதிகாரிக்கோ உடனே காட்டுங்க, மருந்து டேங்கை முதுகுல ஏத்துறதுக்கு முன்னாலேயே.