உங்களுக்குத் தெரியுமா? படகையும் கடல் தேர்ந்தெடுக்கும்

பரிணாமக் கொள்கை உயிரினங்களுக்கு மட்டுமல்ல, மனிதர் செய்யும் பொருள்களுக்கும் பொருந்துமா? 2008-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டெபோரா ராஜர்ஸும் பால் எர்லிக்கும் பாலினீசியப் படகுகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். 11 தீவுச் சமூகங்களின் படகு அமைப்புகளை ஒப்பிட்டார்கள். படகின் உடல் எப்படி அமைந்தது, பக்கவாட்டு மிதவை எப்படிக் கட்டப்பட்டது போன்ற பயன்பாட்டுக் கூறுகளை ஒரு பக்கம் வைத்தார்கள். செதுக்கு வேலை, அலங்காரம் ஆகியவற்றை மறுபக்கம்.

முடிவு அருமையானது. அலங்காரங்கள் தீவுக்குத் தீவு விரைவாக மாறியிருந்தன. பயன்பாட்டுக் கூறுகளோ மெதுவாகவே மாறியிருந்தன. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல: மிதவையைத் தவறாகக் கட்டியவர் கரை திரும்புவது அரிது, அவருடைய முறையைப் பின்பற்ற ஆளும் இருக்காது. பூவேலைப்பாடு மாறினால் யாரும் மூழ்குவதில்லை. இயற்கைத் தேர்வு கைவினையிலும் வேலை செய்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம் என்றே தோன்றுகிறது.

இவர்களுக்குத் தரவு தந்தது, ஹேடனும் ஜேம்ஸ் ஹார்னெலும் 1936 முதல் 1938 வரை வெளியிட்ட ஓசியானியப் படகுகள் பற்றிய நூல். இந்த ஹார்னெல் நம் சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறை இயக்குநராக இருந்தவர்; இந்தியப் படகுகளின் தோற்றம் பற்றியும் விரிவாக எழுதியவர்.