1305 படியும் ஒரு டப்பா மக்கன் பேடாவும்

பொங்கல் லீவில் ஒரு நாள் மிச்சம் இருந்தது. ‘‘சோளிங்கர் போயிட்டு வரலாமாடா?’’ என்றார் அப்பா. வயது எழுபத்து மூன்று. இரண்டு முழங்காலும் தகராறு. என் ஐந்து வயதில் என்னைத் தோளில் உட்கார வைத்து, ஒவ்வொரு படியாக வாய்விட்டு எண்ணிக்கொண்டே அந்த மலையேறியவர். பத்து வருஷமாக அடிவாரத்திலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்.

நான் படித்தது பி.காம். வாடகைக் கார் எடுத்துவிட்டு ஒரே ஒரு ஊரைப் பார்த்துத் திரும்ப மனசு வருமா?

விடியற்காலையில் சென்னையை விட்டோம். முதலில் காவேரிப்பாக்கம் ஏரி. ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில் வெட்டியது. தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. கரையில் பத்து நிமிஷம் நின்றால், திங்கட்கிழமை ஆபீஸ் இருப்பதே மறந்துபோகிறது.

அடுத்து கோட்டை பார்க்க ஆற்காடு. போய்ப் பார்த்தால் கோட்டை போய்விட்டது, பாலாற்றங்கரையில் ‘டெல்லி கேட்’ என்ற வாசல்தான் நிற்கிறது. 1751-ல் ராபர்ட் கிளைவ் சில நூறு சிப்பாய்களோடு ஐம்பது நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்த இடம். கிளைவுக்கு அப்போது இருபத்தாறு வயது. கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்தவர். (குமாஸ்தா நண்பர்கள் நெஞ்சை நிமிர்த்திக் கொள்ளலாம்!) பிரியாணி வாசனை மூக்கைத் துளைத்தது. ‘‘கோயிலுக்குப் போறோம்’’ என்று அப்பா முறைத்ததால், ஒரு டப்பா மக்கன் பேடாவோடு சமாதானம் ஆனேன்.

வழியில் மகேந்திரவாடி. இதைத் தவறவிடாதீர்கள். முதலாம் மகேந்திரவர்மன் ஒற்றைப் பாறையைக் குடைந்து திருமாலுக்கு எடுத்த கோயில். கோயிலுக்கும் தன் பேர், பக்கத்து ஏரிக்கும் தன் பேர். ஆயிரத்து நானூறு வருஷமாகப் பாறை அப்படியே கிடக்கிறது. நாங்கள் போனபோது எங்களைத் தவிர ஓர் ஆடுதான் இருந்தது.

சோளிங்கர் அடிவாரம். 2024 மார்ச்சில் இங்கே ரோப் கார் வந்துவிட்டது. இரண்டு டிக்கெட் வாங்கப் போனேன்.

‘‘எனக்கு மட்டும் வாங்கு. உனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு?’’

மறுபேச்சு உண்டா? அவர் தலைக்கு மேலே மிதந்து போனார். நான் படியில் கால் வைத்தேன். எண்ணிக்கொண்டேதான் ஏறினேன். முந்நூறைத் தாண்டியதும் மூச்சு வாங்கியது, கணக்கு விட்டுப்போனது. இதே சோளிங்கரில்தான் 1781 செப்டம்பர் 27-ல் ஹைதர் அலியை ஆங்கிலத் தளபதி அயர் கூட் தோற்கடித்தார். படியில் உட்கார்ந்து அந்தப் போரை யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வானரம் வந்து மக்கன் பேடா டப்பாவைப் பறித்துக்கொண்டு போனது. எதிரே 406 படி உள்ள சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர் சங்கு சக்கரத்தோடு இருக்கிறார். யாரிடம் போய்ப் புகார் சொல்ல?

ஐந்து வயசுப் பையனின் எடையையும் சுமந்துகொண்டு மனுஷன் எப்படி ஏறினார்?

மேலே யோக நரசிம்மர் தரிசனம். இந்தத் தலத்துக்குத் திருக்கடிகை என்று பெயர். ஒரு நாழிகை, அதாவது 24 நிமிஷம், இங்கே இருந்தாலே மோட்சம் என்பது நம்பிக்கை. அப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் தொப்பலாக நான் பக்கத்தில் போய் நின்றேன்.

‘‘எத்தனை படிடா?’’

‘‘1305-ப்பா.’’

‘‘எண்ணினியா?’’

‘‘போர்டுல போட்டிருக்கு.’’

சிரித்தார். ‘‘கிளம்பலாமாப்பா, இருட்டறதுக்குள்ள...’’ என்றேன். வாட்சைப் பார்த்தார்.

‘‘இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. உட்காரு.’’