கீழாநெல்லி: பறிக்கும் முன் மூன்று கேள்விகள்

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்ததும் ஊத்துக்குளிப் பக்கத்துத் தோட்டங்களில் தென்னைக்கு அடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் வரப்பிலும் கீழாநெல்லி தானாகவே முளைத்து நிற்கும். யாரும் விதைப்பதில்லை. களையெடுப்பவர்கள் கோரையோடு சேர்த்து அதையும் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். ஆனால் ஊரில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை என்றால் மட்டும் காலையிலேயே ஆள் வந்துவிடும். "ஏனுங்க சார், உங்க தோட்டத்துல மருந்தடிக்கறதில்லைங்களே, ரண்டு கொத்து கீழாநெல்லி புடுங்கிக்கட்டுங்களா?"

வங்கியில் கடன் கொடுக்கும் முன் மூன்று விஷயம் பார்ப்போம்: ஆள் யார், சொத்து எங்கே, எதற்குக் கடன். இப்போது மூலிகை கேட்டு வருகிறவர்களிடமும் அதே மாதிரி மூன்று கேள்விகள் கேட்கிறேன்.

முதல் கேள்வி: எந்தச் செடி?

இலை பார்ப்பதற்கு நெல்லி இலை போலவே சிறுசாக, இரு வரிசையாக இருக்கும். காய்கள் இலைக்காம்புக்குக் கீழே கடுகைவிடச் சற்றுப் பெரிதாக வரிசை கட்டித் தொங்கும். அதனால்தான் கீழாநெல்லி. பொழுது சாய்ந்தால் இலைகள் மூடிக்கொள்ளும். மருந்துக்கு நாம் எடுப்பது பச்சைத் தண்டும் வழவழப்பான காயும் உள்ள செடி. வாயில் போட்டால் நல்ல கசப்பு. தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாகத் தண்டோடு ஒட்டியிருந்தால் அது வேறு இனம். மேலாநெல்லி என்பதும் வேறு செடிதான். பார்த்துப் பழகியவர் ஒருவரை வைத்துக்கொண்டு பறிப்பது நல்லது.

இரண்டாவது கேள்வி: எந்த மண்?

நம்ம திருப்பூர்க்காரர்களுக்கு இதுதான் முக்கியம். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், திருப்பூரைத் தாண்டும்போது சாயக்கழிவைச் சுமந்த கதை நமக்குத் தெரியும். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீரின் தேக்கமாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை முற்றியது. உத்தரவு போட்டதும் மண்ணில் இறங்கிய உப்பும் கழிவும் மறைந்துவிடாது. வேர் எதைக் குடிக்கிறதோ அதில் ஒரு பங்கு இலைக்கும் வரும். கெட்டுப்போன ஈரலுக்கு மருந்து தேடிப் போய், அதே ஈரலுக்கு இன்னொரு சுமையை ஏற்றக் கூடாது.

ஆகவே ஆற்றோரம், சாக்கடை ஓரம், குப்பை எரிக்கிற இடம், தார்ச்சாலை ஓரம் ஆகிய இடங்களில் பறிக்க வேண்டாம். களைக்கொல்லி அடித்த வரப்பும் வேண்டாம். அடித்த மறுநாள் செடி பச்சையாகத்தான் நிற்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தோட்டக்காரரைக் கேட்டுத்தான் பறிக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: எந்தக் காமாலை?

மஞ்சள் காமாலை ஓர் அறிகுறி. அதற்குப் பின்னால் பல நோய்கள் இருக்கலாம். கெட்ட தண்ணீரால் வரும் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கும். ஆனால் இ வகை கர்ப்பிணிகளுக்கு உயிர் ஆபத்து. ரத்தத்தின் வழியே பரவும் பி வகை சிலருக்குப் பல ஆண்டுகள் உடம்பில் தங்கி ஈரலைச் சுருக்கிவிடும். பித்தக் குழாயைக் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். அதை எந்த இலையும் திறக்காது.

கீழாநெல்லியை விஞ்ஞானம் ஒதுக்கிவிடவில்லை. பி வகைக் கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும், சென்னையில் டாக்டர் தியாகராஜன் குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். 1988இல் 'லான்செட்' இதழில் வந்த சென்னை ஆய்வில், 30 நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்திருந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்து உட்பட வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

நம் வீடுகளில் வழக்கம் இதுதான்: செடியை வேரோடு பிடுங்கி, நன்றாக அலசி, அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கலக்கி, காலையில் வெறும் வயிற்றில் சில நாட்கள். கூடவே எண்ணெய், காரம் இல்லாத பத்தியச் சாப்பாடு. நீர்க்கடுப்புக்கும் இதைக் கொடுப்பார்கள். சொறி சிரங்குக்கு உப்போடு அரைத்துப் பூசுவார்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் ஒரு நாள் கூலி போகுமே என்று ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறார்கள். அவர்களுக்குச் சொல்வது இதுதான்: முதலில் அரசு மருத்துவமனையில் ரத்தம் கொடுத்து எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். அரசு சித்த மருத்துவரிடமும் காட்டுங்கள். வாந்தி நிற்கவில்லை, பேச்சு குழறுகிறது, மலம் வெளுத்துப் போகிறது என்றால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

உழவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் தண்ணீர் நல்லதாக இருக்கிற மூலையில் கால் சென்ட் இடத்தைக் களையெடுக்காமல் விடுங்கள். காய் முற்றி விதை உதிர்ந்த பிறகு பிடுங்கினால் அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். நிழலில் உலர்த்திக் கட்டி வையுங்கள். நஞ்சில்லாத தோட்டம் வைத்திருக்கிறவர் ஊருக்குச் செய்யக்கூடிய செலவில்லாத உதவி இது.