ஊர் திரும்பும் நாளில் அவசரம் வேண்டாம்!

வெளியூர் புறப்படும் நாளுக்கு நாம் செய்கிற ஏற்பாடுகளுக்குக் குறைவே இல்லை. பால்காரரிடம் சொல்வதிலிருந்து கேஸை மூடுவது வரை பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். திரும்பி வரும் நாளைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை. "வீட்டுக்குத்தானே போறோம்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போய் வருபவர்களுக்கு அந்தக் கடைசி நாளில்தான் அதிகக் கவனம் தேவை.

நானும் என் கணவரும் எட்டு நாள் பயணமாகச் சென்னையிலிருந்து புதுச்சேரி, தஞ்சாவூர், ராமேஸ்வரம், கன்னியாகுமரி, மதுரை, திருச்சி என்று மோட்டார் சைக்கிளிலேயே சுற்றி வந்தோம். மொத்தம் 1,500 கிலோமீட்டருக்கு மேல். கடைசி நாள் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 330 கிலோமீட்டர். ஏழு நாள் அலுப்பு உடம்பில் இருக்கும். மனசோ பிள்ளைகளிடம் போய்விட்டிருக்கும். சாலையும் நான்கு வழிச் சாலை, வளைவே இல்லாமல் நீளமாகப் போகும். கண் அசர இதைவிட வேறென்ன வேண்டும்?

விழுப்புரத்தில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கிளம்பினோம். திண்டிவனம் நெருங்கும்போது வண்டி மெல்ல மெல்ல நடுக்கோட்டுப் பக்கம் ஒதுங்குவதைக் கவனித்தேன். இரண்டு தடவை பேச்சுக் கொடுத்தேன். பதில் தாமதமாகத்தான் வந்தது.

"என்னங்க, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."

"இன்னும் 125 கிலோமீட்டர்தானேம்மா, ஒரே மூச்சில போயிடலாம்."

"எனக்கு இடுப்பு வலிக்குது, நிறுத்துங்க" என்றேன். 'உங்களுக்குத் தூக்கம் வருது' என்றால் எந்த ஆண்பிள்ளை ஒத்துக்கொள்வார்? ஒரு டீக்கடை பெஞ்சில் காப்பி குடித்துவிட்டுச் சாய்ந்தவர், இருபது நிமிஷம் அயர்ந்து தூங்கினார்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் மூடினால் வண்டி 50 மீட்டர் ஓடிவிடும். மத்தியானம் 2 மணி முதல் 4 மணி வரை உடம்பே தூக்கம் கேட்கும் நேரம். காப்பி வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி ஆகும். ஆகவே காப்பியைக் குடித்துவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போடுவதுதான் நல்லது. முகம் கழுவினால் மட்டும் தூக்கம் போய்விடாது.

பின்னால் உட்காருபவர் வெறும் பாரமல்ல, சகோதரிகளே! ஓட்டுபவரின் தலை ஆடுகிறதா, கியர் மாற்றத் தடுமாறுகிறாரா, வண்டி கோடு தாண்டுகிறதா என்று பார்ப்பது நம் வேலை.

நமக்கென்றும் சில குறிப்புகள்:

கழிப்பறை கிடைக்காதே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம்மில் பலரின் வழக்கம். இதனால் தலைவலியும் நீர்க்கடுப்பும்தான் மிஞ்சும். மணிக்கொரு முறை வண்டியை நிறுத்தி, இரண்டு வாய் தண்ணீர் குடித்து, ஐந்து நிமிஷம் நடந்தால் இடுப்பும் முழங்காலும் பிழைக்கும். பெட்ரோல் பங்குகளில் கழிப்பறை வசதி உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

துப்பட்டாவின் நுனியையும் முந்தானையையும் இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கே ஆபத்து. பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்பது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். வீடு கிட்டத்தில் வந்துவிட்டதே என்று அதன் வாரைத் தளர்த்தாதீர்கள்.

இறங்கும் அவசரத்தில் கெண்டைக்காலில் சைலன்சர் சுட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். பற்பசையோ மையோ தடவ வேண்டாம்.

முக்கியமான ஒன்று: "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்துடுவோம்" என்று பிள்ளைகளுக்குப் போனில் சொல்லாதீர்கள். அந்த ஐந்து மணி வண்டியை விரட்டும். "ராத்திரிக்குள்ள வந்துடுவோம்" என்றால் போதும். செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் சாயங்கால நெரிசலில் பஸ்ஸும் லாரியும் காரும் முட்டிக்கொண்டு வரும். ஊர்ந்துதான் வந்தோம். வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்து வெகு நேரமாகியிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அழுக்குத் துணி மூட்டையைப் பிரிக்க உட்காராதீர்கள். வெந்நீரில் குளித்துவிட்டு, ஒரு ரசம், சுட்ட அப்பளம் போதும். துணி மறுநாள் வரை காத்திருக்கும்.