முதல் முறை கூட்டத்துக்குப் போகிறவருக்கு

கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டு, ஒரு மண்டலம் ஒரு சொட்டுகூடத் தொடாமல் இருந்துவிட்டு, மலையிறங்கிய கையோடு டாஸ்மாக் வாசலில் நிற்பவர்களை நமக்குத் தெரியும். "அவன் மனசு வைக்கல" என்பார்கள் வீட்டில். ஒரு மண்டலம் முழுக்க மனசு வைத்தவன்தானே? அந்த நாட்களில் அவனைச் சுற்றி நாலு பேர் இருந்தார்கள். 'சாமி' என்று கூப்பிட்டார்கள், பஜனைக்கு அழைத்தார்கள். மாலையைக் கழற்றியதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். குடியை நிறுத்துவதைவிட, நிறுத்தியபடியே இருப்பதுதான் கஷ்டம். அதற்கு ஆள் துணை வேண்டும்.

ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அந்தத் துணையைத்தான் தருகிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் நொடிந்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தொடங்கியது. சென்னையிலும் மற்ற ஊர்களிலும் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. பெரும்பாலும் மாலை நேரத்தில், பள்ளி வகுப்பறையிலோ தேவாலயத்தை ஒட்டிய அறையிலோ இருக்கும். தேவாலயத்தில் நடப்பதால் மதம் மாற்றுவார்களோ என்று பயப்பட வேண்டாம். இடம் மட்டும்தான் தேவாலயத்தினுடையது.

எங்கே, எந்தக் கிழமை என்பதை ஏ.ஏ. அமைப்பின் இணையதளத்தில் பார்க்கலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்டாலும் பெரும்பாலும் வழி சொல்வார்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டுமே கட்டணமில்லாதவை.

உள்ளே போனால் வட்டமாகவோ வரிசையாகவோ நாற்காலிகள், ஒரு பிளாஸ்கில் டீ. "வாங்கண்ணே, டீ எடுத்துக்குங்க" என்பார் யாராவது. ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார்கள். குறுக்கே யாரும் பேசமாட்டார்கள், அறிவுரையும் சொல்லமாட்டார்கள். நீங்கள் பேசியே ஆகவேண்டும் என்பதில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம். ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கட்டணம் இல்லை, செலவுக்கென்று ஒரு பை சுற்றிவரும், போடாவிட்டாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆதார் கேட்கமாட்டார்கள். குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. குடும்பத்தாரும் உடன் வரலாமா என்றால், 'திறந்த கூட்டம்' என்று அறிவித்திருந்தால் வரலாம்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே கேட்டது வெளியே போகக்கூடாது என்பது அவர்களின் மரபு, சட்டமில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கச் சொல்வது உங்களுக்குச் சிகிச்சை தருகிறவர்களைத்தான். ஆகவே வழக்கு, சொத்துத் தகராறு போன்றவற்றைச் சபையில் விவரிக்காதீர்கள். புதிதாகப் பழகியவரிடம் கடன் வாங்காதீர்கள், கொடுக்கவும் வேண்டாம். புதியவருக்குத் துணைநிற்கும் வழிகாட்டி, பெண்களுக்கு இன்னொரு பெண்ணாகவே இருக்கட்டும். மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொல்ல அங்கே யாருக்கும் உரிமை கிடையாது.

தினமும் காலையிலேயே குடிப்பவர், குடிக்காவிட்டால் கை நடுங்குகிறவர், கூட்டத்துக்கு முன்னால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். திடீரென நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்துக் குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல் என்று முற்றினால் உயிருக்கே ஆபத்து. 'வைராக்கியமா வீட்டுக்குள்ளேயே பூட்டி வச்சோம்' என்பது வைராக்கியம் அல்ல, விபரீதம். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடிகளும் அப்படித்தான். சிலவற்றில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிராம் மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் படுவேகமாக இறங்கலாம். நோயாளிக்குத் தெரியாமல் அதைக் கொடுப்பது சிகிச்சையே அல்ல.

நள்ளிரவில் வேனில் வந்து ஆளைத் தூக்கிப்போகும் தனியார் 'மறுவாழ்வு மைய'த்துக்குப் பணம் கட்டும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. மதுவால் வரும் மனநலப் பாதிப்பும் 2017 சட்டத்தின் கீழ் வருகிறது. மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் திரும்பி நடந்துவிடுங்கள். ஒருவர் சம்மதிக்காத நிலையில் சேர்க்க வேண்டுமானால் மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். முதல் கட்டத்தில் 30 நாளுக்கு மேல் வைக்க முடியாது. சங்கிலியில் கட்டுவதை எந்த வடிவிலும் சட்டம் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத் தீவிபத்தில் சங்கிலியோடு 28 பேர் கருகிய மாநிலம் இது. விலங்கைப் பார்த்தும் பேசாமல் வரக்கூடாது. மனநல மறுஆய்வு வாரியத்திடமோ மாநில மனநல ஆணையத்திடமோ புகார் தரலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100க்கு அழைத்து இலவச சட்ட உதவி கேளுங்கள்.

கணவர் வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் மனைவி காத்திருக்க வேண்டியதில்லை. குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் தனியே நடக்கின்றன. அவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் நீங்கள் போகலாம். வளரிளம் பிள்ளைகளுக்கு அலட்டீன் இருக்கிறது. முதல் கூட்டம் ஒட்டவில்லை என்றால் வேறு தெருவில், வேறு கிழமையில் நடக்கும் இன்னொன்றுக்குப் போய்ப் பாருங்கள். இடையில் குடித்துவிட்டாலும் மறுநாள் போங்கள், திருப்பி அனுப்பமாட்டார்கள்.