போர்க்கப்பலின் முகப்பில் ஒரு சிங்கம்

பழைய பாய்மரப் போர்க்கப்பல்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கப்பலின் முன்முனையில், நம் மீனவர்கள் அணியம் என்று சொல்லும் இடத்தில், ஒரு மரச்சிற்பம் கடலை நோக்கிப் பாய்வதுபோல் இருக்கும். இது வெறும் அலங்காரம்தானே என்று தோன்றலாம். ஆனால் இயற்பியல் படிப்பவருக்கு அதில் நல்ல கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது.

சுவீடன் நாட்டின் வாசா என்ற கப்பலை எடுத்துக்கொள்வோம். அதன் முகப்பில் பாயும் சிங்கம் ஒன்று, அரச குலத்தின் சின்னமான கதிர்க்கட்டைக் கால்களில் பற்றியிருக்கிறது. நீளம் 3 மீட்டருக்கு மேல். எடை சுமார் 450 கிலோகிராம். இலேசான லிண்டன் மரத் துண்டுகளை இணைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். 1628 ஆகஸ்டு 10 அன்று, முதல் பயணத்தில் சுமார் 1,300 மீட்டர் தூரம் சென்றதுமே, ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் அந்தக் கப்பல் கவிழ்ந்தது. 1961இல்தான் அதை மேலே தூக்கினார்கள்.

அப்படியானால் சிங்கத்தின் பாரம்தான் கப்பலைக் கவிழ்த்ததா? இல்லை. மேல்பகுதியில் பாரம் மிகுந்து, அடியில் நிலைநிறுத்தும் பாரம் போதாமல் போனதால் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்தது. சிங்கமோ முன்முனையைக் கீழே அழுத்தும், பக்கவாட்டில் சாய்க்காது. பாரம் எவ்வளவு என்பதோடு, எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம்.

சிங்கம் கப்பலின் நடுவிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். நடுவிலிருந்து 3 மீட்டரில் வைத்த 4,500 கிலோகிராம் பாரத்துக்கு என்ன திருப்புத்திறன் உண்டோ, அதே திருப்புத்திறன் இந்த 450 கிலோவுக்கும் உண்டு. இன்னொன்றும் கவனியுங்கள். கப்பலின் நடுப்பகுதி அகலமானது. அதிக நீரை விலக்குவதால் மிதப்பு விசையும் அங்கே அதிகம். முனைகள் குறுகலானவை, தம் பாரத்தையே தாங்கும் அளவுக்கு அங்கே மிதப்பு விசை இராது. ஆகவே நாளடைவில் இரு முனைகளும் தொங்கி, நடு முதுகு மேல்நோக்கி வளைந்துவிடும். மரக்கப்பல்களை வாட்டிய பெரிய நோய் இது.

அலையில் கப்பல் முன்னும் பின்னும் ஆடும்போது தொல்லை இன்னும் கூடும். நிலைமத் திருப்புத்திறன் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப வளருமல்லவா? முனை கனத்த கப்பல், அலையோடு சட்டென்று எழும்பாமல் மூக்கை நீருக்குள் நுழைத்துவிடும். சிற்பம் மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாங்க முன்னே நீட்டிய ஓக் மரச் சட்டங்களின் பாரமும் அல்லவா சேர்கிறது!

பிரிட்டிஷ் சிற்பிகள் பிற்காலத்தில் ஓக் மரத்தை விட்டு பைன் மரத்துக்கு மாறினார்கள். கன மீட்டருக்கு ஓக் சுமார் 700 கிலோ, பைன் 500க்கும் குறைவு. செதுக்கவும் எளிது. சிற்பியின் வரைபடமும் செலவு மதிப்பீடும் கடற்படைத் தலைமையின் ஒப்புதலுக்குப் போகும். செலவு மிகுந்ததால், 1796இல் புதிய கப்பல்களுக்கு முகப்புச் சிற்பமே வேண்டாம், சுருள் வேலைப்பாடு போதும் என்று உத்தரவு வந்தது. அதை எல்லோரும் பின்பற்றவில்லை! ஆனால் சிற்பங்கள் சிறுத்தன. முழு உருவத்துக்குப் பதில் மார்பளவு உருவங்கள் பெருகின. நெல்சனின் விக்டரி கப்பலிலும் பழைய பெரிய சிற்பக் கூட்டத்தை நீக்கி, 1803க்குள் எளிய அரசச் சின்னம் ஒன்றைப் பொருத்தினார்கள்.

1860இல் மிதக்கவிட்ட வாரியர் என்ற இரும்புக் கப்பலிலும் ஒரு போர்வீரன் முகப்பில் நின்றான். பிறகு எதிரிக் கப்பலை முட்டி உடைக்க, நீருக்கடியில் கொம்புபோல் நீண்ட முன்முனைகள் வந்தன. பழைய சிற்பத்துக்கு அங்கே பொருத்தமான இடமில்லை. 1894இல் பெரிய போர்க்கப்பல்களுக்கு அதை அடியோடு நிறுத்திவிட்டார்கள்.