சங்கீத மேதையும் சட்டாம்பிள்ளைகளும்

1730-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 23-ந் தேதியிட்டு, ஜெர்மனியிலுள்ள லைப்ஸிக் நகரசபைக்கு ஒரு மனு எழுதப்பட்டது. எழுதியவர் அவ்வூர் புனித தாமஸ் பள்ளியின் சங்கீத ஆசிரியர். பள்ளியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளை அவர் மூன்று ரகமாகப் பிரித்துக் கணக்குக் கொடுத்திருந்தார். பாட்டுக்கு உபயோகமானவர்கள் 17 பேர். இன்னும் பழக வேண்டியவர்கள் 20 பேர். சங்கீதத்துக்கே லாயக்கில்லாதவர்கள் 17 பேர். ஆக மொத்தம் 54.

அந்த ஆசிரியர் வேறு யாருமல்ல, யோஹான் செபாஸ்டியன் பாக். மேல்நாட்டுச் சங்கீதத்தில் அவருக்குள்ள ஸ்தானத்தைச் சொல்ல வேண்டுமானால், நம் தியாகராஜ சுவாமிகளைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். அப்பேர்ப்பட்ட மேதை, மூன்றில் ஒரு பங்கு பையன்களை வைத்துக்கொண்டு காலந்தள்ள வேண்டியிருந்தது!

லைப்ஸிக் என்ற பெயர் தமிழ்நாட்டாருக்குப் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடி வட்டாரத்தில் ஊழியம் செய்த லைப்ஸிக் மிஷன் அந்த ஊரின் பெயரைத் தாங்கியதுதான். அங்குள்ள புனித தாமஸ் பாட்டுக் கோஷ்டியோ அதைவிட மிகப் பழையது. அதன் பிறப்பு 1212-ஆம் வருஷம் என்று கணக்கு. பாக் 1723-ல் அங்கே வேலைக்கு வந்து, 1750-ல் கண்ணை மூடும் வரை 27 வருஷம் இருந்தார்.

பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு இடமும் படிப்பும் கிடைத்தன. அதற்குக் கைம்மாறு பாட்டு. ஊரிலுள்ள நான்கு தேவாலயங்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர்கள் பாட வேண்டும். கல்யாணம், சாவு என்றாலும் அவர்கள்தான். தெருவில் பாடிக் காசு சேர்ப்பதும் உண்டு. அந்தக் காசில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. ஆகவே அவர்களுக்குப் பாட்டு என்பது பொழுதுபோக்கல்ல, சோறு.

ஒரு தொண்டை கட்டினால்...

பாக்கின் மனுவைப் படித்தால், அவர் கவலையெல்லாம் ஒரு சின்னக் கணக்கில் அடங்கியிருப்பது தெரியும். நான்கு தேவாலயங்களில் மூன்றுக்குச் சங்கீதம் தெரிந்த பையன்கள் தேவை. ஒவ்வொரு கோஷ்டிக்கும் குறைந்தது 12 பேர் வேண்டும். மூன்று கோஷ்டிக்கு 36 பேர். கையில் இருந்ததோ 17 பேர்! நாலாவது தேவாலயத்துக்கு மிஞ்சியவர்களை அனுப்பினார்கள். எளிய கீர்த்தனையை எப்படியோ பாடி முடித்தால் போதும் என்று அந்தச் சபையார் சகித்துக்கொண்டார்கள் போலும்.

12 பேர் ஏன்? நான்கு குரல் வரிசைக்கு வரிசைக்கு மூன்று பேர். ஒருவன் காய்ச்சலில் படுத்தாலும் மற்ற இருவர் தாங்குவார்கள். பையன்கள் அடிக்கடி நோயில் விழுவதற்குப் பள்ளி வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டுகளே சாட்சி என்கிறார் பாக். வரிசைக்கு நான்கு பேர் இருந்தால் இன்னும் நல்லது என்றும் கேட்கிறார். போதாக்குறைக்கு, வாத்தியம் வாசிக்க ஆள் இல்லாமல் பாடுகிற பையன்களிலேயே சிலரைப் பிடித்து வாத்தியத்தில் உட்கார்த்த வேண்டியிருந்தது.

நம்மூர் நாகஸ்வரக் கோஷ்டியில் ஒத்து ஊதுகிறவர் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் நிறுத்திவிட்டால் மட்டும் பந்தல் முழுவதற்கும் தெரிந்துவிடும். கோஷ்டியில் நிற்கும் பையனின் நிலையும் அதுதான். அவன் வராத நாளில் அவன் பங்கு பக்கத்திலிருப்பவன் தொண்டையில் ஏறுகிறது.

பாடுவதோடும் அவர்கள் வேலை தீரவில்லை. பாக் புதிதாக எழுதிய உருப்படிகளை ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனித் தாளில் பிரதி எடுத்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஞாயிறு காலைக்குள் எல்லாம் தயாராக வேண்டும். தாளில் ஒரு ஸ்வரம் பிசகினால் தேவாலயத்தில் நாலு பேர் பிசகுவார்கள்!

கோஷ்டித் தலைவன் யார்?

ஒரே ஆசிரியர் நான்கு இடங்களில் நிற்க முடியுமா? ஆகவே மூத்த பிள்ளைகளில் சிலரைச் சட்டாம்பிள்ளைகளாக நியமித்து, கோஷ்டிகளை நடத்தும் பொறுப்பை ஒப்படைத்திருந்தார்கள். முதல் சட்டாம்பிள்ளை, ஆசிரியர் இல்லாதபோது அவர் ஸ்தானத்திலேயே நின்று தாளம் காட்ட வேண்டியவன். மீசை அரும்பும் வயதில் இது லேசான சுமையல்ல.

1736-ல் இந்தப் பதவியை வைத்தே பெரிய ரகளை மூண்டது. ஒரு கல்யாணத்தில் குறும்பு செய்த சிறு பையன்களை முதல் சட்டாம்பிள்ளையான கிரௌஸ் மட்டுமீறித் தண்டித்துவிட்டான். தலைமையாசிரியர் எர்னஸ்டி, பள்ளியார் எல்லோர் முன்னிலும் அவனுக்குப் பிரம்படி கொடுக்க உத்தரவிட்டார். அவமானத்துக்கு அஞ்சி அவன் பள்ளியை விட்டே ஓடிவிட்டான். அவன் இடத்துக்கு எர்னஸ்டி கொண்டுவந்தவனும் ஒரு கிரௌஸ்தான்! இவனுக்கு நாலெண்ணிக்கைத் தாளமும் மூன்றெண்ணிக்கைத் தாளமும் குழம்பிப்போகின்றன, இவன் கோஷ்டியைக் கெடுத்துவிடுவான் என்று பாக் மறுத்தார். நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்று இருவரும் மல்லுக்கு நின்றார்கள்.

ஆகஸ்டு 12-ந் தேதி ஞாயிறு ஆராதனையின்போதே பாக் அந்தப் பையனைப் பாடகர் மேடையிலிருந்து வெளியேற்றினார். பாக் நியமித்த ஆளின் கீழ் பாடினால் பிரம்படி, காசும் கிடையாது என்று எர்னஸ்டி பிள்ளைகளை மிரட்டினார். மாலை ஆராதனையில் கோஷ்டியை நடத்த ஒரு பையனும் முன்வரவில்லை. கடைசியில், அப்பள்ளியின் பழைய மாணவரான கிரெப்ஸ் என்ற வாலிபர், ஆசிரியர் கேட்டுக்கொண்டதற்காக வந்து நின்று ஆராதனையை ஒப்பேற்றினார். பெரியவர்கள் இருவருமே பிடிவாதக்காரர்கள். இடையில் அகப்பட்டுத் தவித்த பிள்ளைகள் பேரில்தான் நமக்கு இரக்கம் பிறக்கிறது. வழக்கு அரசர் வரை போய், ஏறக்குறைய இரண்டு வருஷம் இழுத்தது.

பாக் மறைந்தபின் அவருடைய பெரிய உருப்படிகள் பல அலமாரியில் உறங்கின. ஆனால் அவர் இயற்றிய மோட்டெட் என்ற கோஷ்டிப் பாடல்களைப் பிள்ளைகள் விடவில்லை. மூத்தவன் இளையவனுக்குக் கொடுத்துவந்தான். 1789-ல் மோஸார்ட் அங்கே வந்தபோது அவற்றில் ஒன்றைப் பாடிக் காட்டினார்கள். பாடியவர்களில் ஒருவன்கூடப் பாக்கைக் கண்ணால் கண்டவனல்ல. மோஸார்ட் பிரமித்துப் போய், தனித்தனிக் குரலுக்கான தாள்களை வாங்கி, நாற்காலிகளிலும் முழங்கால்களிலும் பரப்பிக்கொண்டு, முழுவதையும் பார்த்த பிறகே எழுந்தார் என்று ரோஹ்லிட்ஸ் எழுதியிருக்கிறார்.

கோஷ்டி இன்றும் இருக்கிறது. 2012-ல் 800-வது ஆண்டு கொண்டாடினார்கள். ஒன்பது வயது முதல் பதினெட்டு வரை சுமார் 100 பையன்கள் விடுதியில் ஒன்றாகத் தங்குகிறார்கள். சின்னவர்களைப் பார்த்துக்கொள்வது பெரியவர்கள் பொறுப்பு. சட்டாம்பிள்ளைப் பதவியும் போகவில்லை. குரல் உடையும் பருவத்தில் பையன் சில மாதம் பாடாமல் இருக்கிறான். பிறகு, மேல் ஸ்தாயியில் நின்ற அதே பையன், கீழ் ஸ்தாயிக்காரர்களின் வரிசையில், வெள்ளிக்கிழமை மாலை ஆராதனைக்குத் திரும்பி வருகிறான்.